நுளம்பு சுமக்கும் உயிர்

பிற உயிரொன்றின் உடலிலே குடியிருந்து, அதன் உணவையே தன் உணவாகக் கொண்டு வாழும் உயிரை ஒட்டுண்ணி என்கிறோம். அதற்கு இடங்கொடுக்கும் உயிருக்கு ‘விருந்து வழங்கி’ என்று எமது விஞ்ஞான நூல்கள் பெயர் சூட்டியுள்ளன. இப்பெயர் எமக்குச் சற்றுப் பொருத்தமற்றதாகவே தோன்றுகிறது. அழையாமல் வந்து, சொல்லாமல் தங்கி, வீட்டையும் சேதப்படுத்துபவரை விருந்தினர் என்று யாரேனும் கூறுவரோ?

ஒவ்வோர் ஒட்டுண்ணிக்கும் இரண்டு கவலைகள் உண்டு. இருக்கும் உடலில் நிலைத்திருக்க வேண்டும். அவ்வுடல் அழியுமுன் அடுத்த உடலைச் சென்றடைய வேண்டும். பேனுக்கு இது எளிது. இரு பிள்ளைகள் தலையோடு தலை வைத்து ஒரே புத்தகத்தைப் பார்த்தாற் போதும், நடந்தே மற்றத் தலைக்குச் சென்றுவிடும். காலும் சிறகும் இல்லாத மலேரியா ஒட்டுண்ணியோ நுளம்பையே தன் வாகனமாகக் கொண்டுள்ளது.

முட்டையிடுவதற்குக் குருதி தேடும் பெண் அனோபிலிஸ் நுளம்பு எம்மைக் கடிக்கும்போது, அதன் உமிழ்நீரோடு ஒட்டுண்ணி உடலினுட் புகுகின்றது. விரைவிலேயே ஈரலைச் சென்றடைந்து, அங்கு ஒரு வாரமோ அதற்கு மேலோ ஓசையின்றிப் பெருகுகின்றது. அந்நாட்களில் நோயாளிக்கு ஒன்றுமே தெரியாது. பின்னர் ஆயிரக்கணக்கிற் குருதிக்குள் இறங்கிச் செங்குழியங்களைத் துளைத்து உட்புகுந்து, அவற்றை உண்டு பெருகி, வெடித்து வெளிவருகின்றது. இலங்கையில் மிகுதியாக இருந்த வகைகளில் 48 மணித்தியாலத்துக்கு ஒருமுறை இவ்வெடிப்பு நிகழும். நடுக்கமும் காய்ச்சலும் வியர்வையும் அப்போதே தோன்றும். ஒருநாள் விட்டு ஒருநாள் வரும் இக்காய்ச்சலை எம் முன்னோர் முறைக்காய்ச்சல் என்றனர். காரணம் அறியாவிடினும் கணக்கைச் சரியாகவே கவனித்திருக்கின்றனர்.

நுளம்பினுள் நிகழ்வதைக் கண்டறிந்தவர் இந்தியாவின் அல்மோராவிற் பிறந்த றொனால்ட் றொஸ். 1897 ஆகஸ்ட் 20ஆம் நாள், செக்கந்தராபாத்தில், நுளம்பொன்றின் இரைப்பைச் சுவரிலே ஒட்டுண்ணியை அவர் கண்டார். 1902இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

விருந்து வழங்கியைக் கொல்லும் ஒட்டுண்ணி தன் வீட்டுக்குத் தானே தீ வைப்பதாகாதா என்று மாணவர் கேட்கலாம். நல்ல கேள்வி. தடிமன் பரவுவதற்கு நோயாளி எழுந்து நடமாட வேண்டும். மலேரியா பரவுவதற்கு அது தேவையில்லை. பாயிற் படுத்துக் கிடப்பவரைத் தேடி நுளம்பே வரும். நுளம்பை அடிக்கவும் அவருக்கு வலுவிராது. ஆகவேதான் இவ்வொட்டுண்ணி இத்துணைக் கொடியதாக இருக்க முடிகின்றது என்பது விஞ்ஞானிகள் சிலரின் கருத்து.

அக்கொடுமையை இலங்கை 1934-35இற் கண்டது. மழை பொய்த்தது. எப்போதும் ஓடிக்கொண்டிருந்த களனி கங்கையும் மகா ஓயாவும் வற்றிக் குட்டைகளாயின. ஓடும் நீரில் வாழவியலாத நுளம்புக் குடம்பிகள் அக்குட்டைகளிற் பெருகின. கேகாலை, குருநாகல் பகுதி மக்களுக்கு இந்நோய் அதிகம் பழக்கமில்லை. ஆகவே எதிர்ப்பாற்றலும் இல்லை. ஏறத்தாழ 80,000 பேர் மாண்டனர் என மதிப்பிடப்பட்டுள்ளது.

நாற்பதுகளில் டி.டி.ரி. வந்தது. வீடுதோறும் சுவர்களுக்கு மருந்தடிக்க, 1963இல் நாடு முழுவதிலும் 17 பேருக்கு மட்டுமே மலேரியா காணப்பட்டது. வென்றுவிட்டோம் என்ற எண்ணத்தில் மருந்தடிப்பதும் குருதி சோதிப்பதும் தளர்ந்தன. இத்தளர்வைக் கவனக்குறைவு என்று மட்டும் நாம் சொல்லமாட்டோம். காணாத பகைக்காகப் பணம் செலவிட எந்த அரசும் தயங்கும். ஆனால் அந்தப் பதினேழு பேரும் ஒட்டுண்ணிக்குப் போதுமாயிருந்தனர். 1969இல் நோயாளர் தொகை 5 இலட்சத்தைக் கடந்தது. டி.டி.ரி.க்கு நுளம்புகளும் பழகிப்போயின.

மறுமுறை வெற்றி வேறு வழியாக வந்தது. போர் நடந்த வடக்கு கிழக்கிலும் நுளம்பு வலைகள் வழங்கப்பட்டன. நடமாடும் சிகிச்சை நிலையங்கள் கிராமங்களுக்குச் சென்று குருதி சோதித்தன. உள்நாட்டிலே தொற்றிய கடைசி நோயாளி 2012 ஒக்டோபரிற் காணப்பட்டார். 2016 செப்ரெம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடாக அறிவித்தது. நுளம்பு இன்னும் அங்கே இருக்கின்றது. அவ்வாண்டின் இறுதியிலே, கிணறுகளிற் பெருகக்கூடிய அனோபிலிஸ் ஸ்ரெபென்சி என்னும் புதிய வகையும் மன்னாரிற் கண்டுபிடிக்கப்பட்டது.

கனடாவின் நிலையும் இதுவே என்றால் வியப்பாயிருக்கும். ஒட்டாவாவையும் கிங்ஸ்ரனையும் இணைக்கும் றிடோ கால்வாய் 1826 முதல் 1832 வரை வெட்டப்பட்டபோது தொழிலாளர் பலர் மலேரியாவால் இறந்தனர். அதை நடத்திய கேணல் ஜோன் பையையும் அந்நோய் விடவில்லை. அனோபிலிஸ் இன்றும் இங்குண்டு. ஆனால் வெப்பம் ஏறக்குறைய 16 பாகைக்குக் கீழிறங்கினால் நுளம்பினுள் ஒட்டுண்ணி வளராது. நோயுள்ள மனிதரும் இங்கு அரிது. ஆகவே லொங்குய்யிற் கோடைமாலையில் எம்மைக் கடிக்கும் நுளம்பு சொறிச்சலைத் தருமேயன்றி மலேரியாவைத் தராது.

எமக்கு ஆபத்து பயணப்பையோடு வருகின்றது. இந்தியாவின் பல பகுதிகளிலும் ஆபிரிக்காவிலும் மலேரியா இன்னும் உண்டு. வன்னியிற் பலமுறை காய்ச்சல் கண்டு எதிர்ப்பாற்றல் பெற்ற பெற்றோர், அது தம்மிடம் இன்னும் இருப்பதாக நம்புகின்றனர். ஊரைவிட்டு நீங்கிச் சில ஆண்டுகளில் அவ்வாற்றல் குன்றிவிடும். இங்கு பிறந்த பிள்ளைகளுக்கு அது தொடக்கத்திலிருந்தே இல்லை. பயணத்துக்கு முன் வைத்தியரிடம் தடுப்பு மாத்திரை கேட்பதற்கு வெட்கப்பட வேண்டியதில்லை.

வைவக்ஸ் என்னும் வகைக்கு இன்னொரு தந்திரமும் தெரியும். அது ஈரலிற் பல மாதங்கள் உறங்கிக் கிடந்து பின்னர் விழிக்கும். ஆடியிலே தமிழ்நாட்டிற் கடித்த நுளம்பின் காய்ச்சல், தை மாதப் பனிக்குள் இங்கே வரலாம். அப்போது வைத்தியர் அதனை இன்புளுவென்சா என்றே முதலில் எண்ணுவார். சென்ற கோடையில் எங்கே போயிருந்தோம் என்பதை நாம் சொன்னாலன்றி, ஒரு துளி குருதியைக் கண்ணாடித் தட்டிலிட்டு நுணுக்குக்காட்டியிற் பார்க்க அவருக்கு நினைவு வராது.