வரைபடம் போடும் தேர்தல்

அமெரிக்க மாநிலத் தேர்தல்களில் வேட்பாளர்களைப் பற்றித்தான் எல்லோரும் பேசுகிறார்கள். ஆனால் வாக்குப்பதிவுக்கு முன்பே பாதி முடிவைச் சொல்லிவிடுவது தொகுதி எல்லைதான். 1960 கணக்கெடுப்பின்போது கலிபோர்னியா மாநில செனட்டில் லாஸ் ஏஞ்சலிஸ் கவுன்ட்டியின் 60 லட்சம் பேருக்கு ஒரே உறுப்பினர். ஆல்பைன், இன்யோ, மோனோ என்ற மூன்று மலைக் கவுன்ட்டிகளுக்கும் சேர்த்து ஒரு உறுப்பினர். அங்கே இருந்தவர்களோ 14,294 பேர். ஆல்பைனில் 400 பேர்கூட இல்லை! 1964-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், அலபாமா மாநிலம் தொடர்பான வழக்கில், மாநில அவைகள் இரண்டிலும் தொகுதிகள் மக்கள்தொகையில் ஏறக்குறைய சமமாக இருக்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது. நாட்டு செனட்டில் சிறிய மாநிலத்துக்கும் இரண்டு இடம் உண்டே, கவுன்ட்டிக்கு மட்டும் ஏன் கூடாது என்று கேட்டவர்கள் உண்டு. கேள்வி நியாயமாகத் தோன்றும். ஆனால் கவுன்ட்டிகள் தனி அரசுகளாக இருந்து ஒன்றுசேர்ந்தவை அல்ல. மாநிலமே தன் நிர்வாக வசதிக்காக வகுத்துக்கொண்ட பிரிவுகள்.

தலைக்கணக்கு சரியாகிவிட்டால் போதுமா? விஸ்கான்சினில் தொகுதிகள் மக்கள்தொகையில் சமமாகத்தான் இருந்தன. கோடுகள்தான் ஒரு பக்கம் சாய்ந்திருந்தன. துண்டு துண்டாகக் கிடந்த தொகுதிகள் செல்லாது என்று மாநில உச்ச நீதிமன்றம் 2023-இல் சொன்னது. புதிய வரைபடத்தில் 2024 தேர்தல் நடந்தபோது, மாநில செனட்டில் 22-க்கு 11 என்றிருந்த குடியரசுக் கட்சியின் பலம் 18-க்கு 15 ஆனது. குடியரசுக் கட்சிக்கு அதிக இடம் கிடைத்ததற்கு ஜனநாயகக் கட்சியினர் நகரங்களில் நெருக்கமாக வசிப்பதே காரணம், கோட்டின் மீது பழி போடாதீர்கள் என்பது மறுதரப்பு வாதம். அதில் உண்மை உண்டு, ஓரளவுக்கு. ஆனால் அந்தத் தேர்தலில் வாக்காளர்கள் யாரும் வீடு மாறிவிடவில்லை. ஜனநாயகக் கட்சி அலையும் வீசவில்லை: குடியரசுக் கட்சியின் டொனால்ட் டிரம்ப் அதே நாளில் அதே மாநிலத்தில் வென்றார்.