இதயத்தில் வளரும் கட்டி: வேறு நோய் என ஏமாற்றும் மிக்சோமா

கட்டி என்றால் மார்பகம், வயிறு, மூளை என்றுதான் நினைக்கிறோம். இதயத்துக்குள்ளும் கட்டி வளரலாம். அது மிக அரிது. அதனால்தான் அந்தச் சந்தேகமே பலருக்கு எழுவதில்லை. வேறு நோய்க்கு மருந்து சாப்பிட்டே மாதங்கள் ஓடிவிடுகின்றன.

மிக்சோமா என்றால் என்ன?

பெரியவர்களின் இதயத்தில் உருவாகும் கட்டிகளில் அதிகம் காணப்படுவது மிக்சோமா. இது புற்றுநோய் அல்ல. 30 முதல் 60 வயதுக்குள், பெண்களுக்குச் சற்று அதிகமாக வருகிறது. பெரும்பாலும் இடது மேலறையில், இரு மேலறைகளையும் பிரிக்கும் சுவரிலிருந்து காம்பு விட்டு வளரும். நுங்கு போல வழவழப்பானது, எளிதில் பிய்ந்துவிடும்.

வால்வு நோய் போல

ஒவ்வொரு துடிப்பிலும் கீழறை விரியும்போது கட்டி, இடது மேலறைக்கும் கீழறைக்கும் இடையிலுள்ள மைட்ரல் வால்வுக்குள் இறங்கி, இரத்தம் போகும் வழியை மறிக்கிறது. மூச்சுத்திணறல், படபடப்பு, மயக்கம் வருகின்றன. ஸ்டெதஸ்கோப்பில் கேட்கும் ஒலியும் வால்வுச் சுருக்கத்தில் கேட்பது போலவே இருக்கும். சிறுவயதில் வந்த ருமாட்டிக் காய்ச்சலால் வால்வு சுருங்கியவர்கள் நம் நாட்டில் ஏராளம். அதனால் சந்தேகம் முதலில் அங்கேதான் போகும். உட்காரும்போதும் படுக்கும்போதும் மூச்சுத்திணறலோ அந்த ஒலியோ மாறினால், அது முக்கியமான துப்பு.

தீராத காய்ச்சல் போல

இக்கட்டி இன்டர்லியூகின்-6 என்ற வேதிப்பொருளைச் சுரக்கக்கூடும். விளைவு: விட்டுவிட்டு வரும் காய்ச்சல், எடைக் குறைவு, மூட்டுவலி, இரத்தசோகை, உடலில் அழற்சி இருப்பதைக் காட்டும் இ.எஸ்.ஆர். அளவின் உயர்வு. இதைக் காசநோய், வாத நோய், இதய உள்ளுறையின் கிருமித்தொற்று என்றெல்லாம் நினைக்க இடமுண்டு. இரத்தத்தைக் கிருமி வளர்ப்புச் சோதனை செய்தால் பெரும்பாலும் கிருமி எதுவும் வளராது.

பக்கவாதமாக

கட்டியின் துணுக்கு பிய்ந்து மூளைக்குப் போனால் பக்கவாதம். காலுக்குப் போனால் கால் சில்லிட்டு வலிக்கும். இரத்தக் குழாயை அடைத்திருந்த துணுக்கை எடுத்து நோய்க்கூறியல் ஆய்வுக்கு அனுப்பிய பிறகே, மூலம் இதயத்தில் இருப்பது தெரியவந்த நோயாளிகள் உண்டு. இரத்த அழுத்தமோ சர்க்கரையோ இல்லாத இளவயதினருக்குப் பக்கவாதம் வந்தால் இதயத்தையும் பார்க்க வேண்டும்.

எக்கோ காட்டிக்கொடுக்கும்

1950-களுக்கு முன் மிக்சோமா பெரும்பாலும் பிரேதப் பரிசோதனையில்தான் தெரியவந்தது. இன்று ஒலி அலைகளால் இதயத்தைப் படமெடுக்கும், வலியோ கதிர்வீச்சோ இல்லாத எக்கோ பரிசோதனையில், துடிப்புக்குத் துடிப்பு கட்டி வால்வுக்குள் போய்வருவதைத் திரையிலேயே பார்க்கலாம். தெளிவு போதாவிட்டால் உணவுக்குழாய் வழியாகவும் எக்கோ எடுப்பார்கள்.

அறுவை சிகிச்சையே தீர்வு

ஸ்வீடனில் 1954-இல் அறுவை சிகிச்சை நிபுணர் கிளாரன்ஸ் கிராஃபோர்ட் இதய-நுரையீரல் கருவியின் துணையுடன் முதன்முதலாக மிக்சோமாவை வெற்றிகரமாக அகற்றினார். இப்போதும் அறுவை சிகிச்சையே வழி. கட்டியை அதன் அடிப்பகுதியோடு சேர்த்து எடுக்கிறார்கள். காத்திருக்கும் நாட்களில் துணுக்கு பிய்ந்து போகலாம் என்பதால் தள்ளிப்போடக் கூடாது. மீண்டும் வளர்வது அபூர்வம். பரம்பரையாக வரும் வகையில் அதற்கு வாய்ப்பு அதிகம். ஆகவே தொடர் கண்காணிப்பு தேவை.

எப்போது கேட்க வேண்டும்?

• சிகிச்சைக்குக் கட்டுப்படாத காய்ச்சலும் மூச்சுத்திணறலும் சேர்ந்து வந்தால்
• படுக்கும் நிலை மாறும்போது மயக்கமோ மூச்சுமுட்டலோ வந்தால்
• இளவயதில் காரணம் தெரியாத பக்கவாதம் வந்தால்

"எக்கோ ஒன்று எடுத்துப் பார்க்கலாமா, டாக்டர்?" என்று தயங்காமல் கேளுங்கள். காலத்தோடு கண்டுபிடித்தால், மிக்சோமா பெரும்பாலும் முழுமையாகக் குணப்படுத்தக்கூடிய நோய்.