நம்பத்தகுந்த காட்டுக் காமிரா எது?

(பத்தாம் வகுப்பு, ‘ஆ’ பிரிவு)

“கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய்” என்பது முன்னோர் வாக்கு. இதன் பொருளைச் சென்ற ஆண்டு அரையாண்டு விடுமுறையில் ஓர் ஆட்டுப்பட்டியின் அருகே நின்று நாங்கள் தெரிந்துகொண்டோம். எங்களுக்குப் பாடம் சொன்னது உள்ளங்கையைவிடச் சற்றே பெரிய ஒரு பெட்டி. காட்டுக் காமிரா என்று அதற்குப் பெயர். அது எப்படி வேலை செய்கிறது, அதைத் தேர்ந்தெடுக்கும்போது எவற்றைக் கவனிக்க வேண்டும் என்பவற்றை இக்கட்டுரையில் காண்போம்.

காட்டுக் காமிரா என்பது யாது?

இந்தக் காமிராவை மரத்திலோ கம்பத்திலோ கட்டிவிட்டு நாம் வீட்டுக்கு வந்துவிடலாம். முன்னால் ஒரு விலங்கு நடந்தால் அது தானே விழித்துப் படம் எடுத்துக்கொள்ளும். அதன் முகப்பில் வெப்ப உணர்வி ஒன்று இருக்கிறது. சுற்றுப்புறத்தைவிட வெப்பம் வேறுபட்ட ஓர் உடல் அசைந்தால் அந்த உணர்வி அதை அறிந்து காமிராவை எழுப்புகிறது.

இந்த எண்ணம் புதியதன்று. அமெரிக்காவில் ஜார்ஜ் ஷிராஸ் என்பவர் பாதையின் குறுக்கே கம்பியைக் கட்டி, விலங்கின் கால் பட்டவுடன் படம் விழும்படி செய்தார். 1906-ஆம் ஆண்டில் நேஷனல் ஜியாகிரஃபிக் இதழ் அவருடைய 74 படங்களை வெளியிட்டது. நம் நாட்டில் வனத்துறை அதிகாரியாக இருந்த எஃப். டபிள்யூ. சாம்பியன் 1920-களில் இம்முறையிலேயே புலிகளை இரவில் படம்பிடித்தார். 1990-களில் கர்நாடகத்தின் நாகரஹொளெ காட்டில் உல்லாஸ் கரந்த் என்னும் அறிஞர் காமிராப் படங்களைக் கொண்டு புலிகளின் எண்ணிக்கையை மதிப்பிட்டார். மனிதருக்குக் கைரேகை எப்படியோ, புலிக்கு உடல்வரி அப்படி. ஒரு புலியின் வரி மற்றொன்றுக்கு இராது.

மேல்நாடுகளில் வேட்டைக்காரர்கள் மான் வரும் வழியை வேவு பார்க்க இக்காமிராவை வாங்குகிறார்கள். நம் நாட்டிலோ 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைத் தடை செய்துவிட்டது. ஆகவே இங்கே இது விலங்குகளை எண்ணவும் காக்கவும் பயன்படுகிறது. 2018-ஆம் ஆண்டின் அகில இந்தியப் புலிக் கணக்கெடுப்பில் 26,838 இடங்களில் காமிரா வைக்கப்பட்டது. கிடைத்த படங்கள் 3 கோடியே 48 லட்சத்துக்கும் மேல். அவற்றில் புலி இருந்த படங்கள் 76,651. அதாவது ஏறக்குறைய 455 படங்களுக்கு ஒன்றில்தான் புலி! 2022-ஆம் ஆண்டின் கணக்குப்படி தமிழ்நாட்டில் 306 புலிகள் உள்ளன. நமக்கு அருகிலுள்ள ஆனைமலை, முதுமலை, சத்தியமங்கலம் காடுகளிலும் இப்படித்தான் கணக்கெடுத்தார்கள்.

இன்னும் அருகே, கோவை மதுக்கரையில் வேறு வகைக் காமிரா இருக்கிறது. 2021 நவம்பரில் நவக்கரை அருகே இரயில் மோதி மூன்று யானைகள் ஒரே இரவில் இறந்தன. அதன்பின் தண்டவாளத்தை ஒட்டி 12 கோபுரங்கள் எழுப்பி, வெப்பத்தையே படமாகக் காட்டும் காமிராக்களைப் பொருத்தினார்கள். 2024 பிப்ரவரியில் இவை செயல்படத் தொடங்கின. யானை வருவதைக் கண்டவுடன் செய்தி போகிறது. இரயில் வேகம் குறைகிறது. காமிரா சரியாகச் சொன்னால் ஓர் உயிர் பிழைக்கிறது. தவறாகச் சொன்னால் என்ன ஆகும்? அதைத்தான் நாங்கள் கண்டோம்.

ஒரு வாலின் கதை

காங்கேயம் பக்கம் எங்கள் தோழி ஒருத்தியின் அப்புச்சிக்குக் கொறங்காடு இருக்கிறது. கிளுவை வேலி, நடுவே வெள்வேல மரங்கள், தரை முழுதும் கொழுக்கட்டைப் புல். அங்கே பட்டி போட்டுச் செம்மறி ஆடுகள் வளர்க்கிறார். விடுமுறைக்கு நாங்கள் நால்வர் சென்றிருந்தோம். அதற்கு முந்தைய இரண்டு வாரங்களில் ஐந்து ஆடுகள் செத்திருந்தன.

2023-இல் ஊதியூர் மலையில் ஒரு சிறுத்தை நடமாடியதும், வனத்துறை காமிராவும் கூண்டும் வைத்ததும் அவ்வூராருக்கு மறக்கவில்லை. “அதேதான் திரும்ப வந்திருக்குது” என்று பலரும் சொன்னார்கள். அப்புச்சிக்கு மட்டும் ஐயம். “சிறுத்தைன்னா கழுத்தைக் கவ்வுமுங்க. இது பின்னங்கால்லயும் வவுத்துலயும் கடிச்சிருக்குது” என்றார்.

தோழியின் மாமா ஒரு காட்டுக் காமிரா வாங்கிவந்தார். மலிவு விலை, பெட்டியின்மேல் மெகாபிக்சல் எண் பெரிதாக அச்சிடப்பட்டிருந்தது. நான்கு இரவுகள் வைத்தோம். எண்ணூறுக்கும் மேற்பட்ட படங்கள் விழுந்தன. பகற்படங்கள் எல்லாம் காற்றில் ஆடும் புல். இரவில் ஒரே ஒரு படம். அதன் ஓரத்தில் மங்கலாக ஒரு வால் மட்டும் தெரிந்தது.

அந்த வால் அன்று மாலைக்குள் ஊர் முழுதும் கைப்பேசிகளில் சுற்றிவிட்டது. “சிறுத்தையேதான்!” என்று ஊர் முடிவு செய்தது. செத்த ஆட்டில் மருந்து வைத்துவிடலாம் என்று இருவர் அப்புச்சியிடம் வந்து பேசியதை நாங்கள் திண்ணையில் இருந்து கேட்டோம். சிறுத்தையைக் கொன்றால் மூன்று முதல் ஏழு ஆண்டுகள் வரை சிறை. அதைவிட, மருந்து வைத்த இறைச்சியைத் தின்று கீரி, பருந்து, காகம் யாவும் மடியும். எங்கள் அறிவியல் ஆசிரியையான சிஸ்டரிடம் தொலைபேசியில் சொன்னோம். “வாலை மட்டும் பார்த்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள். காமிரா ஏன் வாலை மட்டும் எடுத்தது என்று முதலில் கண்டுபிடியுங்கள்” என்றார். அந்தக் கேள்விக்கு விடை தேடியபோதே நல்ல காமிராவின் இலக்கணம் எங்களுக்கு விளங்கியது.

தேர்ந்தெடுக்கும் முறை

முதலாவது, விழிக்கும் வேகம். வெப்பத்தை உணர்ந்ததிலிருந்து படம் விழும் வரை ஆகும் நேரம் இது. நல்ல காமிராவுக்கு அரை நொடிக்கும் குறைவு. ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். மணிக்கு 18 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் விலங்கு ஒரு நொடியில் 5 மீட்டர் கடக்கிறது. நான்கு மீட்டர் தொலைவில் காமிராவின் பார்வை ஏறத்தாழ மூன்றரை மீட்டர் அகலமே. காமிரா விழிக்க ஒரு நொடி எடுத்துக்கொண்டால் விலங்கு போய்விடும். வால் மட்டுமே மிஞ்சும். ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் உள்ள இடைவெளியையும் கேட்க வேண்டும். முன்னே வந்தது ஒன்றா, பின்னே இன்னும் இரண்டா என்பது அப்போதுதான் தெரியும்.

இரண்டாவது, உணர்வியின் தரம். வெப்ப வேறுபாடு குறைந்தால் உணர்வி குழம்பும். நம் பக்கம் சித்திரை வெயிலில் காற்றின் வெப்பம் உடலின் வெப்பத்தை நெருங்கிவிடுகிறது. அப்போது விலங்கு வந்தாலும் காமிரா தூங்கும். வெயிலில் சூடேறிய புல் அசைந்தாலோ விழித்துக்கொள்ளும். உணர்திறனைக் கூட்டவும் குறைக்கவும் வசதி உள்ளதாகப் பார்த்து வாங்க வேண்டும்.

மூன்றாவது, இரவு விளக்கு. இது மூவகை. வெள்ளை ஒளி வண்ணப்படம் தரும். புலியின் வரி தெளிவாக விழும். ஆனால் விலங்கு மிரளலாம், திருடனும் பார்த்துவிடுவான். 850 நானோமீட்டர் அகச்சிவப்பு விளக்கு மங்கிய சிவப்பாகத் தெரியும். ஒளி தூரம் எட்டும். 940 நானோமீட்டர் விளக்கு நம் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் எட்டும் தூரம் குறைவு. தோட்டத்துக்குப் பின்னிரண்டில் ஒன்று போதும். இவை தரும் இரவுப்படம் கறுப்பு வெள்ளையாகவே இருக்கும்.

நான்காவது, மெகாபிக்சல். பல மலிவுக் காமிராக்களில் அசல் பிக்சல்கள் சிலவே. மென்பொருள் அவற்றைப் பெருக்கிப் பெரிய எண்ணாகக் காட்டுகிறது. விருந்தாளி வந்ததும் குழம்பில் தண்ணீர் ஊற்றுவது போன்றது இது. அளவு கூடும், சுவை கூடாது. பெட்டியில் உள்ள எண்ணை விட்டுவிட்டு, அக்காமிரா இரவில் எடுத்த படம் ஒன்றைக் காட்டச் சொல்லுங்கள்.

ஐந்தாவது, மின்கலம். சாதாரண ஆல்கலைன் கலங்களின் மின்னழுத்தம் நாளுக்கு நாள் இறங்கும். இரவு விளக்கு முதலில் மங்கும். லித்தியம் கலங்கள் விலை கூடியவை. கடைசி வரை சீராக உழைக்கும். பழையதையும் புதியதையும் கலந்து போடக்கூடாது.

ஆறாவது, உறை. மழையும் தூசியும் எறும்பும் உள்ளே புகாதபடி மூடியின் ரப்பர் விளிம்பு இறுக்கமாக இருக்க வேண்டும். ‘ஐ.பி. 66’ என்னும் குறி இருந்தால் தூசியையும் வேகமாக அடிக்கும் நீரையும் தாங்கும். யானை நடமாடும் இடமானால் இரும்புக் கூடும் தேவை.

ஏழாவது, கடிகாரம். தேதியும் நேரமும் தவறானால் அந்தப் படம் சாட்சி ஆகாது. கலத்தை மாற்றும்போதெல்லாம் சரிபார்க்க வேண்டும்.

இவ்வளவும் சரியா என்று அறிய எளிய சோதனை ஒன்று உண்டு. காமிராவை வராந்தாவின் ஓரத்தில் வையுங்கள். ஒருவர் 20 முறை குறுக்கே நடக்கட்டும், பின்பு ஓடட்டும். இரவிலும் இதையே செய்யுங்கள். முழு உடலும் விழுந்த படங்கள் எத்தனை என்று எண்ணுங்கள். எங்கள் முதல் காமிரா ஓட்டத்தில் 20-க்கு 6 வாங்கியது. தேர்வில் இம்மதிப்பெண் வாங்கினால் நம் பெற்றோர் என்ன சொல்வார்கள்?

வைக்கும் முறை

நல்ல காமிராவும் தவறான இடத்தில் வைத்தால் வீண். முழங்கால் உயரத்தில் கட்ட வேண்டும். கிழக்கு, மேற்குத் திசைகளைப் பார்க்கக்கூடாது. சூரிய ஒளி கெடுத்துவிடும். முன்னால் உள்ள புல்லை அறுத்துவிட வேண்டும். பாதைக்கு நேர்குறுக்காக வைக்காமல் சற்றே சாய்த்து வைத்தால் விலங்கு பார்வைக்குள் அதிக நேரம் இருக்கும்.

இன்னும் இரண்டு செய்திகள். காப்புக்காட்டுக்குள் அனுமதியின்றி நுழைவதே குற்றம். ஆகவே நம் சொந்த நிலத்தில் மட்டுமே காமிரா வைக்கலாம். அங்கும் மனிதர் நடக்கும் வழியைத் தவிர்க்க வேண்டும். உத்தராகண்டின் கார்பெட் புலிகள் காப்பகத்தில் நடந்த ஓர் ஆய்வு 2024-இல் வெளிவந்தது. விலங்குகளுக்காக வைத்த காமிராவில், ஒதுங்கச் சென்ற பெண் ஒருவரின் படம் விழுந்து, அது பிறர் கைக்கும் போய்விட்டதாக அவ்வாய்வு சொல்கிறது. காமிரா இருப்பதால் பெண்கள் தங்களுக்குள் பாடிப் பேசுவதையும் குறைத்துக்கொண்டார்களாம். பெண்களாகிய நாம் இதை மறக்கலாகாது.

இரண்டாவது சாட்சி

முதல் காமிராவைப் போல மூன்று மடங்கு விலையில் மாமா வேறொன்று வாங்கினார். வராந்தாச் சோதனையில் அது 20-க்கு 18 வாங்கியது. மருந்து பேச வந்தவர்களிடம் அப்புச்சி, “நாலு நாள் பொறுங்க” என்று சொல்லி அனுப்பினார். மூன்றாம் நாள் காலையில் அட்டையை எடுத்துப் பார்த்தோம். அதிகாலை 2 மணி 40 நிமிடம். ஒன்றன்பின் ஒன்றாக ஆறு படங்கள். வேலிச் சந்தில் நுழைந்தவை மூன்று நாய்கள்.

நாங்கள் மகிழ்ச்சியில் கூவினோம். ஆனால் அம்முச்சி படத்தை வாங்கிப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் உட்கார்ந்துவிட்டார். மூன்றாவது நாயின் கழுத்தில் ஒரு கயிறு தெரிந்தது. அது தினமும் அவர் கையால் சோறு தின்னும் நாய். இரவில் அவிழ்த்து விடுவது வழக்கமாம்.

காங்கேயம், வெள்ளக்கோவில் வட்டாரத்தில் நாய்கள் ஆடுகளைக் கொல்வதற்கு இழப்பீடு கேட்டு 2025-இல் உழவர்கள் போராடியதை நாங்கள் செய்தித்தாளில் படித்திருந்தோம். இருந்தும், வாலைப் பார்த்தவுடன் ‘சிறுத்தை’ என்று சொன்னவர்களில் நாங்களும் இருந்தோம் என்பதை இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும்.

அன்று முதல் அந்த நாய் இரவில் கட்டுத்தறியில் இருக்கிறது. வேலிச் சந்தை அப்புச்சி கிளுவை நட்டு அடைத்தார். மற்ற இரண்டு நாய்களையும் பற்றி ஊராட்சியில் மனுக் கொடுத்தார். “அந்த மருந்தை வெச்சிருந்தா முதல்ல செத்தது நம்ம வீட்டு நாயாத்தான் இருந்திருக்கும் கண்ணு” என்றார்.

சாட்சி இல்லாத போது நாம் ஐயத்தோடாவது இருந்தோம்; பொய்ச் சாட்சி வந்தபின் ஐயமும் போயிற்று. எனவே தோழியரே, பெற்றோரே, காமிரா வாங்குவதானால் விலையையும் பெட்டியில் உள்ள எண்ணையும் மட்டும் பாராமல் சோதித்து வாங்குவோம். வாங்கியபின், அது காட்டாததை நாமாகச் சேர்த்துச் சொல்லாதிருப்போம்.