சுழல் துப்பாக்கியும் விளிம்பற்ற தோட்டாவும்



சில ஆண்டுகளுக்கு முன், தேர்தல் அறிவிப்பு வெளியான சமயம். அரியலூருக்கு அருகிலுள்ள சிற்றூர் ஒன்றிலிருந்து என் பழைய மாணவர் ஒருவர் பெரம்பலூரில் என் இல்லத்துக்கு வந்தார். அவருடைய பாட்டனார் உரிமம் பெற்று ஒரு ரிவால்வர் வைத்திருந்தவர், அண்மையில் காலமாகிவிட்டார். அலமாரியைத் திறந்து பார்த்தபோது ரிவால்வரோடு இரண்டு தோட்டாப் பெட்டிகளும் இருந்தனவாம். ஒன்று ரிவால்வருக்கு உரியது. மற்றொன்று, பாட்டனார் முன்பு வைத்திருந்து விற்றுவிட்ட பிஸ்டலுக்கு உரியது. இரு பெட்டிகளின் மீதும் 32 என்ற எண்ணே காணப்பட்டது. உறவினர் ஒருவர் குட்டைத் தோட்டாவை ரிவால்வரின் அறையில் இட்டுப் பார்த்திருக்கிறார். அதுவும் உள்ளே சென்று நின்றுவிட்டது!

“ஐயா, இரண்டும் 32 தானே? எதைப் போட்டாலும் ஒன்றுதான் என்கிறார் மாமா. சரிதானா?” என்று கேட்டார் அந்த இளைஞர்.

நான் பல ஆண்டுகள் பள்ளியில் தேசிய மாணவர் படையின் பொறுப்பையும் சேர்த்துக் கவனித்தவன். ஆகையால்தான் என்னைத் தேடி வந்தார் போலும். “தம்பி, உள்ளே போவது வேறு, பொருந்துவது வேறு” என்று தொடங்கி அன்று அவருக்குச் சொன்னதையே இன்று உங்களுக்கும் சொல்லப் போகிறேன்.

ரிவால்வர் என்பது சுழல் துப்பாக்கி. குழலுக்குப் பின்னால் ஓர் உருளை. அதில் ஐந்து அல்லது ஆறு அறைகள். விசையை இழுக்கும்தோறும் உருளை சுழன்று, புதிய அறை ஒன்று குழலுக்கு நேரே வந்து நிற்கும். அறையோ முன்னும் பின்னும் திறந்த துளை. அதில் இட்ட தோட்டா முன்பக்கமாக நழுவி விடாமல் எது தடுக்கிறது? ஒரு பலகையில் துளையிட்டு அதில் டம்ளரை இறக்கிப் பாருங்கள். டம்ளரின் வாய்விளிம்பு துளையின் ஓரத்தில் தட்டி நின்றுவிடும். ரிவால்வர் தோட்டாவின் அடிப்பாகத்திலும் அத்தகைய விளிம்பு ஒன்று உண்டு. சுத்தியலின் முனை தட்டும்போது தோட்டாவை நகரவிடாமல் தாங்குவது அந்த விளிம்பு. சுட்டு முடித்தபின் வெற்றுக் கூடுகளை வெளியே தள்ளும் நட்சத்திர வடிவக் கருவி பற்றித் தள்ளுவதும் அதனையே.

பிஸ்டலின் நிலை வேறு. அதில் தோட்டாக்கள் கைப்பிடிக்குள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டிருக்கும். ஒவ்வொரு முறை சுடும்போதும் மேலே உள்ளது அறைக்குள் தானே தள்ளப்படும். கொண்டை பெருத்த ஆணிகளை நெருக்கமாக அடுக்கி, மேலுள்ளதை மட்டும் முன்னே தள்ளிப் பாருங்கள்; ஒன்றன் கொண்டை மற்றொன்றில் மாட்டிக்கொள்ளும். இந்த இடையூறு நேராமல் இருக்கவே பிஸ்டல் தோட்டாக்களில் பெரும்பாலானவற்றுக்கு வெளியே நீட்டிய விளிம்பு கிடையாது. அதற்குப் பதில் அடியில் ஒரு பள்ளம் வெட்டப்பட்டிருக்கும். அறைக்குள் அதைத் தடுத்து நிறுத்துவது கூட்டின் வாய்ப்புறம்.

அப்படியானால் விளிம்பற்ற தோட்டாவைச் சுழல் துப்பாக்கியில் இட முயல்வானேன்? அவசியம் வந்தது, அதனால் முயன்றார்கள். 1917ஆம் ஆண்டு ஏப்ரலில் அமெரிக்கா முதல் உலகப் போரில் இறங்கியது. அந்நாட்டுப் படையின் கைத்துப்பாக்கி, 1911இல் ஏற்கப்பட்ட .45 பிஸ்டல். திரண்டு வந்த படைவீரர்களுக்குப் போதுமான பிஸ்டல்கள் இல்லை. கோல்ட், ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் என்னும் இரு தொழிற்சாலைகளிலோ பெரிய சுழல் துப்பாக்கிகள் செய்வதற்குரிய இயந்திரங்கள் ஆயத்தமாக இருந்தன. ஆயினும் போர்க்களத்துக்கு இரண்டு வகைத் தோட்டாக்களை அனுப்புவது பெருந்தொல்லை. எனவே பிஸ்டல் தோட்டாவையே ஏற்கும் ரிவால்வர் வேண்டும் என்றாயிற்று.

விளிம்பில்லாத குறையைத் தீர்த்தது, பிறைச் சந்திரன் வடிவில் வெட்டிய ஒரு மெல்லிய எஃகுத் தகடு. அதன் ஓரத்திலுள்ள மூன்று வளைவுகளில் மூன்று தோட்டாக்களின் பள்ளங்களைச் செருகிவிட்டால், தகடே மூன்றுக்கும் பொதுவான விளிம்பாகிவிடும். இரண்டு அரைப்பிறைகள் சேர்ந்தால் ஆறு தோட்டாக்கள். தீபாவளிக்கு நம் கடைத்தெருவில் விற்கும் ‘ரிங் கேப்’பை நீங்கள் அறிவீர்கள். சிறு சிறு கேப்புகளை ஒரே பிளாஸ்டிக் வளையத்தில் கோத்துப் பொம்மைத் துப்பாக்கியில் ஒருமிக்கப் பொருத்துகிறோம் அல்லவா? ஏறக்குறைய அதே ஏற்பாடுதான். ஆறு தோட்டாக்களையும் ஒரே தகட்டில் கோக்கும் முழுமதித் தகடு பிற்காலத்தில் வந்தது.

இரு தொழிற்சாலைகளும் சேர்ந்து ஏறக்குறைய 3 லட்சம் துப்பாக்கிகளைச் செய்தன. ‘1917ஆம் ஆண்டு மாதிரி’ என்றே அவற்றுக்குப் பெயர். கோல்ட் செய்தவற்றில் முற்பட்ட சிலவற்றின் அறைகள் நேர்த்துளையாக இருந்தமையால், தகடின்றி இட்ட தோட்டா உள்ளே ஆழ்ந்துவிடும். ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் அறைக்குள் ஒரு படி வைத்துக் கடைந்தது. ஆகவே தகடு இல்லாமலும் சுடலாம். ஆனால் வெற்றுக் கூடுகளை ஒரு குச்சியால் ஒவ்வொன்றாகக் குத்தித்தான் வெளியேற்ற வேண்டும்! போர் முடிந்தபின், தகட்டின் தொல்லையே வேண்டாம் என்பார்க்காக, 1920இல் பீட்டர்ஸ் என்னும் தோட்டா நிறுவனம் அதே தோட்டாவுக்குத் தடித்த விளிம்பு ஒன்றை வைத்து விற்றது. தேவைக்கு ஏற்பத் துப்பாக்கியை மாற்றினார்கள். பிறகு துப்பாக்கிக்கு ஏற்பத் தோட்டாவை மாற்றினார்கள். விந்தையாக இல்லையா?

பிற்கால ரிவால்வர்களிலும் இம்முயற்சி தொடர்ந்தது. 1980இல் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன், தகடே இல்லாமல் தோட்டாவின் பள்ளத்தைப் பற்றும் சிறு வில்விரல்களை அமைத்து, 9 மில்லிமீட்டர் ரிவால்வர் ஒன்றை வெளியிட்டது. 2014இல் ரூகர் நிறுவனம் ஐந்து தோட்டா கொள்ளும் இலேசான ஒன்றை, தகட்டோடு விற்பனைக்குக் கொண்டுவந்தது. இதில் இலாபம் என்ன? ரிவால்வருக்குரிய .38 ஸ்பெஷல் தோட்டா கரிய வெடிமருந்துக் காலத்தில் பிறந்தது. நிறைய மருந்து கொள்வதற்காகக் கூடு நீண்டது, 29 மில்லிமீட்டருக்கு மேல். 9 மில்லிமீட்டர் தோட்டாவின் கூடோ 19 மில்லிமீட்டர்தான். ஆனால் அதற்குச் சதுர அங்குலத்துக்கு 35,000 பவுண்டு வரை அழுத்தம் அனுமதிக்கப்படுகிறது; .38 ஸ்பெஷலுக்கு 17,000தான். கடையில் மலிவாகக் கிடைப்பதும் 9 மில்லிமீட்டரே.

இலாபம் உண்டென்றால் சங்கடமும் உண்டு. மெல்லிய தகடு சற்றே கோணினாலும் உருளை சுழல மறுக்கும். இன்னொன்று, நீங்கள் பாடத்தில் படித்த சடத்துவம். பெரம்பலூர்ப் பேருந்து நிலையத்தில் வண்டி திடீரென்று புறப்படும்போது நின்றிருப்பவர் பின்னே சாய்கிறார். வண்டி நகர்கிறது, அவர் உடல் இருந்த இடத்திலேயே இருக்க விரும்புகிறது. இலேசான துப்பாக்கி சுடப்பட்டதும் வேகமாகப் பின்வாங்குகிறது. உருளையில் காத்திருக்கும் மற்றத் தோட்டாக்களின் கூடுகளும் அதனோடு பின்வாங்கும். குண்டோ இருந்த இடத்தை விட்டு வர விரும்பாமல் கூட்டிலிருந்து சற்று முன்னே பிதுங்கும். அதிகம் பிதுங்கினால் உருளையின் முகத்துக்கு வெளியே நீண்டு சுழற்சியை நிறுத்திவிடும். ரிவால்வர் தோட்டாவில் கூட்டின் வாயை உட்புறம் மடித்துக் குண்டை இறுகப் பிடிக்கச் செய்வார்கள். பிஸ்டல் தோட்டாவில் அவ்வாறு மடிக்க இயலாது. அந்த வாய்ப்புறம்தானே அறையில் தட்டி நிற்க வேண்டும்!

இனி அந்த இரண்டு பெட்டிகளுக்கு வருவோம். நமக்கு அண்மையில் திருச்சிராப்பள்ளியில் 1966ஆம் ஆண்டிலிருந்து படைக்கலத் தொழிற்சாலை இருப்பது நீங்கள் அறிந்ததே. ஆனால் இந்த ரிவால்வர் கான்பூரில் செய்தது. விற்றுவிட்ட பிஸ்டல் வங்காளத்து இஷாபூரில் செய்தது. ரிவால்வரின் தோட்டா 1896இல் வந்த .32 ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் லாங். கூட்டின் நீளம் ஏறக்குறைய 23 மில்லிமீட்டர். பிஸ்டலின் தோட்டா, ஜான் பிரௌனிங் 1899இல் வகுத்த .32, நீளம் 17 மில்லிமீட்டர்தான். நான் முன்பு சொன்ன பொது விதிக்கு இது ஒரு விலக்கு. இதற்கு மிகச் சிறிய அரைவிளிம்பு ஒன்று உண்டு. மாமாவை ஏமாற்றியது அந்த அரைவிளிம்புதான். அது அறையின் ஓரத்தில் தொற்றிக்கொண்டு, பொருந்தியது போல் நின்றது. ஆனால் அழுத்தமோ ரிவால்வர் தோட்டாவுக்கு 15,000 பவுண்டு, இதற்கு 20,500. குறைந்த அழுத்தத்துக்கென்று கடைந்த அறையில் மிகுந்த அழுத்தத்தை ஏற்றுவது, அதுவும் பழைய துப்பாக்கியில், கையையும் கண்ணையும் பணயம் வைப்பதாகும்.

“அப்படியானால் நீண்ட தோட்டாவைப் போட்டுச் சுடலாமா?” என்றார் இளைஞர். “அதற்கும் உமக்கு உரிமை இல்லை, தம்பி. உரிமம் பாட்டனார் பெயரில் இருந்தது. அது அவரோடு முடிந்தது. 1959ஆம் ஆண்டின் படைக்கலச் சட்டப்படி துப்பாக்கியையும் தோட்டாக்களையும் தாமதமின்றிக் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற வணிகரிடமோ ஒப்படைக்க வேண்டும்” என்றேன்.

மறுநாள் அவர் மாமாவையும் அழைத்துக்கொண்டு காவல் நிலையம் சென்றார். எழுத்தர் இரண்டு பெட்டிகளையும் தனித்தனியே எண்ணி, நீளமானவை இத்தனை, குட்டையானவை இத்தனை என்று இரண்டு வரிகளில் எழுதி ரசீது கொடுத்தாராம். அதை என்னிடம் கொண்டுவந்து காட்டிவிட்டுத்தான் ஊருக்குப் பேருந்து ஏறினார்.