மீன் தொட்டிக்கு ஒரு மூன்றாம் பிறை

முதன்முதலில் என் மீன் தொட்டிக்கு இரவு விளக்கு வைத்தபோது ஒரு மீட்டர் நீல எல்.இ.டி பட்டையை வாங்கிவந்து மூடியின் அடியில் நீளத்துக்கும் ஒட்டினேன். அடாப்டரைச் சொருகியதும் கூடம் முழுக்க நீலம். மதுரைக்குப் போகிற ஆம்னி பஸ் ஒன்று வீட்டுக்குள் வந்து நின்ற மாதிரி இருந்தது. பிள்ளைகள் கைதட்டினார்கள். மீன்களுக்குத்தான் பிடிக்கவில்லை. ஏஞ்சல் மீன்கள் நள்ளிரவு தாண்டியும் கண்ணாடியோரமாக மேலும் கீழும் அலைந்துகொண்டிருந்தன. இருட்டினால் வெளியே வந்து மணலைக் கிளறுகிற கோரி மீன்கள் மரக்கட்டைக்கு அடியிலிருந்து எட்டிக்கூடப் பார்க்கவில்லை. நாலாம் நாள் பட்டையைப் பிய்த்துவிட்டேன்.

பிறகு ஒரே ஒரு எல்.இ.டி, ஒரு ரெசிஸ்டர், மேஜை இழுப்பறையில் கிடந்த பழைய போன் சார்ஜர் என்று மூன்றே பொருளில் இன்னொரு விளக்கு செய்தேன். அது இன்றும் எரிகிறது. அதைச் செய்கிற விதத்தைத்தான் இங்கே சொல்லப்போகிறேன். வேலை ஒரு மணி நேரம்கூடப் பிடிக்காது. எவ்வளவு வெளிச்சம் போதும் என்று முடிவு செய்வதுதான் கஷ்டம்.

முதலில் ஒன்றை ஒப்புக்கொள்வோம்: தொட்டியில் இரவு விளக்கு மீனுக்காக இல்லை, நமக்காக. மீனுக்கு வேண்டியது இருட்டு. நம் வீட்டு மீன்களுக்குக் கண்ணிமை கிடையாது. வெளிச்சம் உறுத்தினால் மூடிக்கொள்ள வழியில்லை. போதாததற்கு, மீனின் மூளையில் இருக்கும் பினியல் சுரப்பி மண்டையோட்டின் வழியாக வரும் ஒளியை நேரடியாகவே உணரும். இருட்டினால்தான் அது மெலடோனின் என்ற ஹார்மோனைச் சுரக்கும். இரவெல்லாம் விளக்கு எரிந்தால் அதன் கணக்கில் இன்னும் பகல் முடியவில்லை. ஆராய்ச்சிக்கூடங்களில் ஜீப்ரா மீன்களை விடாத வெளிச்சத்தில் வைத்தபோது தூக்கம் அடங்கிப்போனதைப் பார்த்திருக்கிறார்கள்.

அப்படியானால் எதற்கு விளக்கு? பகலில் பார்க்கக் கிடைக்காத காட்சி இரவில் உண்டு. குலி லோச், பிளெக்கோ போன்றவை இருட்டில்தான் சுறுசுறுப்பு. குளத்தின் மேல் நிலா விழுகிற அளவு வெளிச்சம் இருந்தால் அவை பயமில்லாமல் வெளியே வரும், நாமும் பார்க்கலாம். ஏஞ்சல் முட்டையிட்டுக் காவல் காக்கும் நாட்களில் மங்கலான விளக்கு ஒன்றை விட்டுவைப்பவர்களும் உண்டு. இன்னொரு பயன், தொட்டி விளக்கு திடீரென்று அணைந்தால் மீன்கள் மிரண்டு ஓடிக் கண்ணாடியில் மோதும், சில சமயம் துள்ளி வெளியே விழும். மங்கல் விளக்கு ஒன்று கூடவே எரிந்தால் அந்த அதிர்ச்சி குறையும்.

இனி அளவுக்கு வருவோம். உச்சி வெயிலில் தரையில் விழும் ஒளி ஒரு லட்சம் லக்ஸ் வரை போகும். பௌர்ணமி நிலா? கால் லக்ஸ், மிஞ்சிப்போனால் 0.3. அரை நிலாவின் ஒளி பௌர்ணமியில் பாதி என்று நினைப்போம். உண்மையில் அது பத்தில் ஒரு பங்குதான். மூன்றாம் பிறை அதைவிடவும் எவ்வளவோ கீழே.

கடையில் சில ரூபாய்க்குக் கிடைக்கும் 5 மில்லிமீட்டர் நீல எல்.இ.டி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். 3000 மில்லிகேண்டெலா வகை என்று வைத்துக்கொள்வோம். 20 மில்லி ஆம்பியர் மின்சாரம் கொடுத்து ஓர் அடி உயரத்திலிருந்து நேராக அடித்தால் நடுவில் 30 லக்ஸுக்கு மேல் விழும். அதாவது சுண்டுவிரல் நகத்தைவிடச் சின்னதான ஒரே ஒரு பல்பு பௌர்ணமியைப்போல நூறு மடங்கு! நான் ஒட்டிய பட்டையில் 60 எல்.இ.டி இருந்தன. மீன் தூங்காததில் என்ன ஆச்சரியம்?

ஆகவே ஒரே எல்.இ.டி போதும், அதையும் பட்டினி போட வேண்டும். நீல எல்.இ.டி சுமார் 3 வோல்ட்டில் எரியும். அதற்குக் கொஞ்சம் மேலே போனாலும் மின்சாரம் கட்டுக்கடங்காமல் ஏறி, பல்பு கருகிவிடும். வழியில் ஒரு ரெசிஸ்டரைப் போடுவது அதைத் தடுக்கத்தான். போன் சார்ஜர் தருவது 5 வோல்ட். எல்.இ.டி 3 வோல்ட்டை எடுத்துக்கொண்டால் மீதி 2 வோல்ட் ரெசிஸ்டரின் தலையில். அந்த 2 வோல்ட்டை ரெசிஸ்டரின் ஓம் அளவால் வகுத்தால் ஓடும் மின்சாரம் தெரிந்துவிடும். 100 ஓம் என்றால் 20 மில்லி ஆம்பியர், முழு வெளிச்சம். 1000 ஓம் என்றால் 2 மில்லி ஆம்பியர், பத்தில் ஒன்று. 10,000 ஓம் என்றால் 0.2 மில்லி ஆம்பியர், நூறில் ஒன்று. அதுதான் பௌர்ணமி. சந்தேகப்படாதீர்கள், அவ்வளவு குறைந்த மின்சாரத்திலும் நீல எல்.இ.டி எரியும்.

கடையில் ‘10 கே’ என்று கேட்டால் கொடுப்பார்கள். அதன் மேல் பழுப்பு, கறுப்பு, ஆரஞ்சு என்று வரிசையாக வளையம் இருக்கும். சென்னைக்காரர்கள் ரிச்சி தெருவுக்குப் போகலாம்; மற்ற ஊர்களில் டிவி ரிப்பேர் செய்கிறவரிடம் கேட்டால்கூடக் கிடைத்துவிடும். விளக்கைக் கூட்டிக் குறைக்க ஆசை இருந்தால் 1 கே ரெசிஸ்டர் ஒன்றும், பழைய ரேடியோவில் ஒலியைத் திருகுவோமே அந்த ‘10 கே பாட்’ ஒன்றும் வாங்கி ஒன்றன்பின் ஒன்றாக இணையுங்கள். பாட்டின் மூன்று கால்களில் நடுக்காலும் ஓர் ஓரக்காலும் போதும். 1 கே ரெசிஸ்டரை மட்டும் விட்டுவிடாதீர்கள். பாட்டை முழுக்கத் திருகும்போது பல்பைக் காப்பாற்றுவது அதுதான்.

யூ.எஸ்.பி வயரின் ஒரு முனையை வெட்டினால் உள்ளே வழக்கமாக நாலு இழை இருக்கும். சிவப்பு பிளஸ், கறுப்பு மைனஸ். பச்சையும் வெள்ளையும் நமக்கு வேண்டாம். தனித்தனியே டேப் சுற்றி ஒதுக்குங்கள். மலிவான வயர்களில் நிறம் மாறியிருப்பதும் உண்டு, மல்டிமீட்டர் வைத்துப் பார்த்துவிடுவது நல்லது. எல்.இ.டியின் நீளக் கால் பிளஸ். சிவப்பு வயர், ரெசிஸ்டர், நீளக் கால். குட்டைக் கால், கறுப்பு வயர். ஈயம் வைத்துப் பற்றவைத்து, ஒவ்வொரு இணைப்பின் மேலும் சுருங்கு குழாயை மாட்டிச் சூடு காட்டுங்கள். கால்களை மாற்றிக் கொடுத்துவிட்டால் எரியாது, அவ்வளவுதான். திருப்பிக் கொடுத்தால் எரியும்.

இரண்டடித் தொட்டிக்கு ஒன்று போதும். நாலடி என்றால் இரண்டு வைக்கலாம். ஆனால் கோயில் திருவிழாவில் போடும் சீரியல் செட் மாதிரி ஒன்றன் வாலில் ஒன்றைக் கட்டினால் 5 வோல்ட் பற்றாது. ஒவ்வொன்றுக்கும் தனித்தனி ரெசிஸ்டர் போட்டு, இரண்டையும் அதே சிவப்பு, கறுப்பு வயர்களில் சேர்த்துவிடுங்கள்.

எல்.இ.டியின் முனை குவிந்திருப்பதால் ஒளி குறுகலாக, டார்ச் அடித்ததுபோல் விழும். பரவலாக வேண்டும் என்றால் முனையை உப்புத்தாளில் நாலு தேய் தேய்த்து மங்கலாக்குங்கள். நான் தேய்க்கவில்லை. ஃபில்டரிலிருந்து விழும் தண்ணீர் மேற்பரப்பை அசைக்கும்போது, குறுகிய ஒளி மணல் மேல் கோடு கோடாக நெளிகிறது. அந்த அழகுக்காகத்தானே இவ்வளவு பாடு! பழைய ஸ்கெட்ச் பேனாவின் மூடியை நுனி வெட்டி பல்பின் மேல் மாட்டிவிட்டால் நம் கண்ணில் நேராக அடிக்காது.

நிறம் நீலமாகத்தான் இருக்க வேண்டுமா? நிலவொளி நீலம் அல்ல. நிலாவில் பட்டுத் திரும்பும் வெயில்தான் அது, கொஞ்சம் செம்மை கலந்ததுகூட. மங்கிய ஒளியில் நம் கண் சிவப்பை முதலில் இழந்து நீலத்தைத் தக்கவைத்துக்கொள்வதால் இரவு நீலமாகத் தெரிகிறது. செக் நாட்டு விஞ்ஞானி புர்கின்யே 19ஆம் நூற்றாண்டிலேயே இதைக் கவனித்துச் சொன்னார். வெள்ளை எல்.இ.டிக்கும் ஏறக்குறைய அதே 3 வோல்ட்தான் என்பதால் கணக்கு மாறாது. எது பிடிக்கிறதோ அதைப் போடுங்கள். நீலம் கேட்பவர்கள் ஜப்பானின் அகாசாகி, அமானோ, நகமுரா மூவருக்கும் நன்றி சொல்லலாம். பிரகாசமான நீல எல்.இ.டி 1993இல்தான் சந்தைக்கு வந்தது. அதற்காக 2014இல் அவர்களுக்கு இயற்பியல் நோபல் கிடைத்தது.

பவளம் வளர்ப்பவர்களுக்கு நிலா விளக்கு வெறும் அலங்காரம் இல்லை. ஆஸ்திரேலியாவின் பெருந்தடுப்புப் பவளத்திட்டில் பவளங்கள் ஆண்டுக்கொருமுறை, பௌர்ணமி கழிந்த சில இரவுகளில் கூட்டமாக முட்டைகளையும் விந்தணுக்களையும் தண்ணீரில் விடுகின்றன. லண்டன் ஹார்னிமன் அருங்காட்சியகத்தில் ஜேமி கிராக்ஸின் குழு, தண்ணீரின் சூட்டோடு நிலாவின் தேய்பிறை வளர்பிறையையும் செயற்கையாக நடத்திக்காட்டித் தொட்டிப் பவளங்களை அதேபோல் இனப்பெருக்கம் செய்யவைத்தது. நமது டெட்ராக்களுக்கு அந்தப் பஞ்சாங்கம் தேவையில்லை.

பல்பைத் தண்ணீருக்குள் வைக்காதீர்கள், எவ்வளவு பசை பூசியிருந்தாலும். ஈரம் ஏறினால் செம்புக் கம்பி பச்சை பூக்கும். அந்தச் செம்பு இறாலுக்கும் நத்தைக்கும் விஷம். மூடிக் கண்ணாடிக்கு மேலே வைத்தாலே ஒளி உள்ளே போகும். 5 வோல்ட் நம்மை ஒன்றும் செய்யாது. சார்ஜருக்குப் பின்னால் இருக்கும் 230 வோல்ட்தான் எமன். பி.ஐ.எஸ் முத்திரை இல்லாத மலிவு சார்ஜரைத் தொட்டிப் பக்கம் கொண்டுவராதீர்கள். வயர், பிளக்குக்கு வருமுன் ஒருமுறை பிளக்கை விடத் தாழ்ந்து தொங்கி மேலேறட்டும். வழியும் தண்ணீர் அந்தத் தொங்கலிலேயே சொட்டிவிடும். வீட்டு மெயினில், மின்சாரம் கசிந்தால் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி இருக்கிறதா என்றும் பாருங்கள். இல்லையென்றால் முதல் செலவு அதற்கு, எல்.இ.டிக்கு அல்ல.

கடைசியாக நேரம். பிளக்கில் சொருகும் டைமர் ஒன்று வாங்கிச் சார்ஜரை அதில் மாட்டுங்கள். என் வீட்டில் பெரிய விளக்கு ஒன்பது மணிக்கு அணையும். சின்னது எட்டே முக்காலுக்கே எரியத் தொடங்கி, பத்தரைக்கு அதுவும் அணையும். பிறகு விடியும்வரை முழு இருட்டு.

காலையில் பெரிய விளக்கைப் போட்டதும் நியான் டெட்ராக்களைப் பாருங்கள். நீலக் கோடு வெளிறி, நோய் வந்தது மாதிரி நிற்கும். பயந்து மருந்து ஊற்றிவிடாதீர்கள். இருட்டில் ஓய்வெடுக்கும்போது அவற்றின் நிறம் அப்படித்தான் மங்கும்; கொஞ்ச நேரத்தில் திரும்பிவிடும்.