பதமும் பழந்துவக்கும்

தமிழில் ‘பதம்’ என்னும் சொல்லுக்குரிய பொருள்களை எண்ணத் தொடங்கினால் கைவிரல்கள் போதா. இலக்கண வகுப்பில் அது சொல். நன்னூலார் அதற்கென்றே பதவியல் என ஓர் இயல் வகுத்தார். அடுக்களையில் அது சோறு வெந்த நிலை. வயலில் அது உழவுக்கேற்ற ஈரம். கொல்லன் உலையில் அது இரும்பின் பக்குவம். முதற்பொருளை நான் பல்லாண்டுகளாக மாணவர்க்குக் கற்பித்து வருகிறேன். இறுதிப் பொருளைப் பற்றியே இங்கு எழுத எண்ணுகிறேன். அதிலும், பழைய துவக்கு ஒன்றின் உடலை மீண்டும் பதப்படுத்திப் புதுத் துவக்காக ஆக்கும் தொழிலைப் பற்றி. பண்டிதனுக்கும் துவக்குக்கும் என்ன உறவு என்று அன்பர்கள் வினவலாம். சொல் வழியாக வந்த உறவுதான்.

எங்கள் வரிப்பத்தான்சேனை அம்பாறை மாவட்டத்தில் இறக்காமத்தை அடுத்துள்ள ஊர். பெயரின் ஈற்றில் நிற்கும் ‘சேனை’ படை அன்று. காடு வெட்டி எரித்துப் பயிரிடும் நிலம். காட்டை அழித்த இடத்துக்குக் காட்டு விலங்கு திரும்பி வராமல் இராது. யானையும் பன்றியும் வேளாண்மையைத் தேடி வரும். பரணும் தீப்பந்தமும், அனுமதிப் பத்திரம் பெற்றவர் வீட்டில் ஒரு துவக்கும் அதன்பொருட்டே. தமிழகத்தார் துப்பாக்கி என்பதும் நாம் துவக்கு என்பதும் ஒரே துருக்கியச் சொல்லின் இரு வடிவங்கள் என்பர்.

இப்பகுதிக் கம்மாலைகளைக் கண்டவர்கள் ஒன்றைக் கவனித்திருப்பார்கள். பட்டப்பகலிலும் உள்ளே இருள் கவிந்திருக்கும். கூரை தாழ்வு, சாளரம் என்று சொல்லத்தக்கது ஒன்றும் இராது. வறுமையால் வந்த இருள் என்றே நெடுநாள் பலரும் எண்ணுவர். அதுவன்று காரணம். தாக்கத்தியையோ கோடரியையோ உலையிலிட்டுத் துருத்தி ஊதும்போது, இரும்பின் சூட்டை அளக்கக் கொல்லனிடம் உள்ள கருவி கண் ஒன்றே. கருஞ்சிவப்பு, செஞ்சிவப்பு, இளஞ்சிவப்பு, மஞ்சள் என்று நிறம் ஏறுவதைக் கொண்டே அவன் பதம் அறிகிறான். வெளிச்சம் கூடினால் நிறம் மங்கும். மங்கினால் கண் ஏமாறும். ஆதலின் இருள் அவனுக்கு ஒரு கருவி.

உரிய நிறம் வந்ததும் இரும்பை நீரில் தோய்க்கிறான். ‘தோய்ச்சல்’ என்று அகராதிகள் கூறுவது இதனையே. தோய்ந்த இரும்பு அரமும் தீண்டாத கடினம் பெறும். ஆனால் கல்லில் பட்டால் கண்ணாடியைப் போல் உடையும். அதனால் மீண்டும் மெல்லச் சூடேற்றுவான். தேய்த்து வெளுப்பாக்கிய பரப்பின்மேல் முதலில் வைக்கோல் நிறம் ஓடும். பிறகு தவிட்டு நிறம், ஊதா, நீலம். ஏறத்தாழ 220 பாகை செல்சியசில் தொடங்கி 300 பாகைக்குள் முடிந்துவிடும் இந்த ஓட்டத்தில், கத்திக்கு ஓரிடத்திலும் வில்லுக்கு வேறோரிடத்திலும் நிறுத்த வேண்டும். கடினத்தில் சிறிது விட்டுக்கொடுத்து உறுதியை வாங்கும் வாணிகம் இது.

உள்ளே நிகழ்வது என்ன? 727 பாகைக்கு மேலே உருக்கிலுள்ள இரும்பணுக்கள் தம் அடுக்கை மாற்றிக்கொள்ளுகின்றன. அதிலுள்ள கரி அவற்றிடையே கரைந்து நிற்கிறது. மெல்ல ஆறவிட்டால் கரி பிரிந்து ஒதுங்கும். சட்டென்று குளிர்வித்தாலோ, வெளியேற வழியின்றி நடுவிலேயே சிக்கிக்கொள்ளும். அந்தச் சிக்கலைத்தான் நாம் கடினம் என்கிறோம். இவ்வறிவு இத்தீவுக்கு இரவலாக வந்ததன்று. சமனலவெவப் பகுதியின் மேற்கு நோக்கிய சரிவுகளில், பருவக்காற்றையே துருத்தியாகக் கொண்டு இரும்பு உருக்கிய உலைகள் 7ஆம் நூற்றாண்டு முதல் 11ஆம் நூற்றாண்டு வரை இயங்கியதை ஜில்லியன் ஜூலெஃப் என்னும் அம்மையார் 1996இல் உலகறிய எடுத்துக் காட்டினார். ஆனந்த குமாரசுவாமி 1908இல் வெளியிட்ட தம் பெருநூலில், மூசையில் உருக்குச் செய்த கொல்லர்களின் முறையை எழுதி வைத்துள்ளார்.

இனித் துவக்குக்கு வருவோம். குழலுக்கும் மரப்பிடிக்கும் நடுவே இருக்கும் இரும்புக் கூடே அதன் உயிர்நிலை. அக்கூட்டுக்குள் ஒரு தாழ் முன்னும் பின்னும் ஓடும். வீட்டுக் கதவின் தாழ் கள்வனைத் தடுப்பது. இத்தாழ் தடுப்பது, தோட்டா வெடிக்கும்போது சதுர அங்குலத்துக்கு ஏறத்தாழ 50,000 இறாத்தல் அழுத்தத்தோடு பின்னோக்கிப் பாயும் நெருப்பை. தாழின் இரு காதுகள் கூட்டின் பள்ளங்களில் பொருந்தி அவ்வளவையும் தாங்குகின்றன. சுடுபவனின் கண்ணுக்கும் அந்த நெருப்புக்கும் இடையே உள்ளது ஒரு சாண் இரும்பு. அதன் தோல் தேயாதபடி கடினமாகவும், நெஞ்சு உடையாதபடி இளக்கமாகவும் இருத்தல் வேண்டும்.

அப்பதம் தவறினால் என்னாகும் என்பதற்கு அமெரிக்காவின் ஸ்பிரிங்பீல்ட் படைக்கலச்சாலை சான்று. 1903ஆம் ஆண்டு மாதிரித் துவக்குகளை அங்கே இலட்சக்கணக்கில் செய்தார்கள். 1917இல் அவற்றுட் சில சுடும்போதே சிதறின. வேறு சில சுத்தியலால் ஓர் அடி பட்டதும் நொறுங்கின. ஆராய்ந்தபோது வெளிப்பட்ட காரணம் எங்கள் ஊர்க் கொல்லனுக்கு வியப்பைத் தந்திராது. அங்கும் கைதேர்ந்த முதிய தொழிலாளரே உலைச்சூட்டைக் கண்ணால் மதிப்பிட்டு வந்தனர். சூட்டுமானியை வைத்துப் பார்த்தால், முகில் மூடிய நாளில் ‘சரியான நிறம்’ என்று அவர்கள் கொண்டதற்கும் வெயில் எறிக்கும் நாளில் அவ்வாறே கொண்டதற்கும் 300 பாரன்ஹீட் பாகை வரை வேறுபாடு இருந்தது! வெயில் நாளில் இரும்பு வெந்தது மட்டுமன்று, கருகியும் போயிற்று. ஆயிரமாயிரமாய்ச் செய்யும் பெருஞ்சாலையில் வெளிச்சம் வேண்டும். வெளிச்சம் வந்ததும் கண்ணின் அளவு பிழைத்தது. கம்மாலையின் இருளை எள்ளுவோர் இதனை ஒருமுறை எண்ணிப் பார்க்கலாம்.

1918இல் முறையை மாற்றினார்கள், சூட்டுமானி வந்தது, இருமுறை பதப்படுத்தும் வழக்கமும் வந்தது. ஸ்பிரிங்பீல்டில் 800,000க்குக் கீழும், ராக் ஐலண்ட் சாலையில் 285,507க்குக் கீழும் தொடரெண் உடைய துவக்குகளை இன்றும் விவரமறிந்தோர் சுடத் துணியார். 1917 முதல் 1929 வரை சிதறிய 68 துவக்குகளின் பட்டியலை ஜூலியன் ஹாட்சர் என்னும் படைத்தலைவர் தம் நூலில் தந்திருக்கிறார். எண்ணிக்கை சிறிது என்று ஆறுதல் கொள்வாரும் உண்டு. அறுபத்தெட்டில் ஒருவராக இருந்தவரிடம் அந்த ஆறுதலைச் சொல்ல முடியுமா?

பழைய கூட்டை எடுத்துப் புதுக்குழல் பொருத்தி, விரும்பியவாறு துவக்குக் கட்டும் கலைக்கு இங்கேதான் சோதனை. நல்ல கூடு நூற்றாண்டு கடந்தும் பயன்படும். லண்டன் ரிக்பி நிறுவனத்தார் ஜெர்மனியின் மவுசர் கூட்டின்மேல் கட்டிய துவக்கு ஒன்று, சம்பாவத்துப் புலியை வீழ்த்தியமைக்காக 1907இல் ஜிம் கார்பெட்டுக்குப் பரிசாக அளிக்கப்பட்டது. அது இன்றும் இருக்கிறது. ஆனால் எல்லாக் கூடுகளுக்கும் அத்தகைய விதி வாய்ப்பதில்லை. வீடு தீப்பட்டபோது உடன் வெந்தவை உண்டு. தாழின் கைப்பிடியைப் பற்றவைக்கும்போது சூடேறிப் பதம் இழந்தவை உண்டு. இளகிய பள்ளத்தைத் தாழின் காதுகள் ஒவ்வொரு வெடியிலும் மயிரிழை மயிரிழையாகப் பின்தள்ளும். இடைவெளி வளரும். ஒருநாள் தோட்டாவின் பித்தளைக் கோது கிழியும். நெருப்பு முகத்துக்கு வரும்.

எனவே தேர்ந்த தொழிலாளி முதலில் துருவை நீக்குவதில்லை, அளக்கிறான். வைரமுனையை இரும்பில் அழுத்தி, அது இறங்கிய ஆழத்தால் கடினத்தைக் காட்டும் ராக்வெல் பொறி அதற்கு உதவும். வெறும் இளக்கம் மட்டுமே குறையாயின் வழி உண்டு. எலும்புக்கரியும் மரக்கரியும் நிறைந்த இரும்புப் பெட்டியில் கூட்டைப் புதைத்து, வாயை மண்ணால் பூசி, 900 பாகை அளவில் மணிக்கணக்கில் சுடுவர். கரி உட்புகுந்து, ஒரு மில்லிமீற்றருக்கும் குறைந்த தடிப்பில் தோல் மட்டும் உருக்காகும். பிறகு தோய்ச்சல், பிறகு மெல்லிய சூடு. இத்தனையும் முடிந்தபின் கூடு சற்றே முறுக்கிக்கொண்டு தாழ் ஓடாமற் போவதும் உண்டு.

கருகிய கூட்டுக்கோ மருந்தில்லை. அமெரிக்கர் அவற்றை மறுபடி சுட்டுத் தோய்த்துப் பார்த்துக் கைவிட்டனர். மிகுசூட்டில் இரும்பின் மணிகளுக்கிடையே உள்ள எல்லைகளே தீய்ந்துவிடுகின்றன. முழுதும் உருக்கி வார்த்தாலன்றி அவை கூடா. குழைந்த சோற்றை மீண்டும் அடுப்பேற்றி அரிசியாக்க இயலாதது போல என்று என் மாணவர்க்குச் சொல்வதுண்டு.

இதனைப் படித்துவிட்டு எவரும் வீட்டுப் பரணிலிருக்கும் பழந்துவக்கைக் கம்மாலைக்கு எடுத்துச் செல்லற்க. 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுடுகலன்கள் கட்டளைச் சட்டம் குறுக்கே நிற்கும். சட்டம் கிடக்கட்டும்; நீர்க்குழாயைக் குழலாக்கிக் காட்டுப் பாதையில் கட்டி வைக்கும் கட்டுத்துவக்கு இப்பக்கத்துக்குப் புதிதன்று. குழாய் இரும்புக்குப் பதமும் இல்லை, பதம் பார்ப்பாரும் இல்லை. பன்றிக்கென்று வைத்தது யானையின் காலையும், விறகுக்குப் போன மனிதனின் காலையும் பதம் பார்க்கிறது. சொல் எங்கெல்லாம் போய் நிற்கிறது, பாருங்கள்.

புறநானூற்றில் ஔவையார் தொண்டைமானின் படைக்கலக் கொட்டிலைக் கண்டு பாடியது பலரும் அறிந்த பாட்டு. இவனுடைய படைகள் நெய் பூசி மாலை சூட்டிக் காவலோடு இருக்கின்றன. அதியமானுடையவையோ நுனி சிதைந்து கொல்லனின் சிறுகுடிலில் கிடக்கின்றன என்பது அதன் கருத்து. புகழ்வதுபோல் இகழ்ந்த திறத்தையே வகுப்பில் விரித்துரைக்கிறோம். எனக்கு அக்கொல்லனையும் எண்ணத் தோன்றுகிறது. நுனி முறிந்த வேலைத் தீட்டினால் மட்டும் போதாது. உலையிலிட்டு அடித்து, மறுபடியும் தோய்ச்சல் கொடுத்தாக வேண்டும். போருக்குப் போர் அவன் அதைச் செய்திருக்கிறான். அந்தச் சிறுகுடில் உள்ளே இருண்டிருந்ததா என்பதை ஔவையார் சொல்லவில்லை.