கல்லின் கனத்தைத் தண்ணீர் சொல்லும்

சிவப்பாக மின்னுவதெல்லாம் கெம்பு அல்ல. கார்னெட்டும் சிவப்புதான், ஸ்பினெல்லும் சிவப்புதான். பட்டை தீட்டிய கண்ணாடியும் அப்படியே மின்னும். நிறமும் பளபளப்பும் கண்ணை ஏமாற்றலாம். ஒரு கல் தன் பருமனுக்கு எவ்வளவு கனக்கிறது என்பதை மட்டும் எந்தப் பட்டை தீட்டலாலும் மாற்ற முடியாது.

இலங்கையில் மடுல்கெல்லவைச் சூழ்ந்த நக்கிள்ஸ் மலைகள் மிகப் பழைய உருமாறிய பாறைகளால் ஆனவை. கார்னெட் மணிகள் அந்தப் பாறைகளில் பதிந்திருக்கின்றன. மலைத்தொடருக்கு அப்பால், அம்பன் கங்கைப் பக்கம், நீலக்கல்லுக்குப் பேர்போன எலஹெர இருக்கிறது. இப்படிப்பட்ட மண்ணில் கல்லை அடையாளம் காணும் அறிவு வியாபாரிகளிடம் மட்டும் இருந்தால் போதாது.

ஒரு கல், அதே கனவளவுள்ள நீரைவிட எத்தனை மடங்கு கனமானது என்பதே சாரடர்த்தி. குவார்ட்ஸுக்கு 2.65, புஷ்பராகத்துக்கு ஏறக்குறைய 3.53, ஸ்பினெல்லுக்கு 3.60, கெம்புக்கும் நீலக்கல்லுக்கும் 4.00. சாதாரணக் கண்ணாடி 2.5 அளவில் நிற்கும்.

இதை அளக்க ஆய்வுகூடம் தேவையில்லை. 0.01 கிராம்வரை காட்டும் சிறிய டிஜிட்டல் தராசு, ஒரு கண்ணாடிக் குவளை, மெல்லிய நைலான் நூல் போதும். முதலில் உலர்ந்த கல்லை நிறுத்துக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு விளிம்புவரை நிரப்பாமல் நீர் ஊற்றிய குவளையைத் தராசில் வைத்து, அளவைப் பூச்சியமாக்குங்கள். கல்லை நூலில் கட்டி, அடியிலோ பக்கத்திலோ படாமல் முழுவதும் மூழ்கும்படி தொங்கவிடுங்கள். நீர் கல்லை மேலே தள்ளும் அதே அளவுக்குக் கல்லும் நீரைக் கீழே அழுத்தும். ஆகவே தராசு இப்போது காட்டுவது, கல் இடம்பெயர்த்த நீரின் நிறை. முதல் எண்ணை இதனால் வகுத்தால் சாரடர்த்தி கிடைத்துவிடும். 4.20 கிராம் கல்லுக்குத் தராசு 1.05 காட்டினால் விடை 4.00. அதே நிறையுள்ள குவார்ட்ஸ் என்றால் 1.58 காட்டும்.

கல்லில் ஒட்டும் காற்றுக் குமிழி விடையைக் குறைத்துவிடும். கொதிக்கவைத்து ஆறிய நீரில் ஒரு துளி சவர்க்காரம் கலந்தால் குமிழி ஒட்டாது. கல் சிறிதாக இருந்தால் பிழை பெருகும். 0.40 கிராம் கெம்புக்குத் தராசு 0.10 காட்ட வேண்டும். அது 0.01 பிசகினாலே விடை 3.64 ஆகலாம், 4.44 ஆகவும் கூடும். நகையில் பதித்த கல்லை இம்முறையில் அளக்கவே முடியாது.

சாரடர்த்தி என்ற இந்த எளிய எண் பெரிய கண்டுபிடிப்புகளுக்கும் துணைநின்றிருக்கிறது. இலங்கையின் பழுப்பு நிறக் கற்கள் சில, பெரிடொட் என்ற பெயரில் நெடுங்காலம் விற்கப்பட்டன. பெரிடொட்டின் சாரடர்த்தி 3.34 அளவு; இவையோ 3.48. அது புதிய கனியம் என்பது 1952 இல் உறுதியாகி, சிங்களைட் எனப் பெயர் பெற்றது. இலங்கையில் கிடைத்த புதிய கனியம் இது மட்டுமல்ல. கண்டிக்கு அண்மையில் அம்பகோட்டேயை அடுத்த கங்காபிட்டியவில் கிடைத்த நீலக் கனியத்தை, பிரையர் என்பவரும் நம் ஆனந்த குமாரசுவாமியும் 1903 இல் செரண்டிபைட் என்று உலகுக்கு அறிவித்தார்கள். கலை அறிஞராக நாம் போற்றும் குமாரசுவாமி, இலங்கைக் கனிய அளவைத் துறையின் முதற் பணிப்பாளராகவும் இருந்தவர்.

ஆனால் சாரடர்த்தி தனித்துத் தீர்ப்புச் சொல்லாது. 1945 இல் டப்ளினில் ரிச்சர்ட் டாஃப் கண்டெடுத்த டாஃபைட் என்ற கல், கனத்தில் ஸ்பினெல்லோடு ஒத்துப்போனது. ஒளியை இரண்டாகப் பிரித்த பண்பே அதைக் காட்டிக்கொடுத்தது. செயற்கைக் கெம்புக்கும் இயற்கைக் கெம்புக்கும் ஒரே 4.00 தான். விடை 2.5 என்றால் அது கெம்பு இல்லை என்று துணிந்து சொல்லலாம். 4.00 என்றால் அடுத்த சோதனைக்குப் போக வேண்டும். விலை பேசுவதற்கு முன் தேசிய இரத்தினக்கல், ஆபரண அதிகார சபையின் பரிசோதனையை நாடுவது நல்லது.

நக்கிள்ஸ் பாதுகாக்கப்பட்ட வனம். அங்கிருந்து கல் பொறுக்கி வரக் கூடாது. வீட்டில் ஏற்கெனவே உள்ள கல்லும் பள்ளிக்கூடத்தில் உள்ள மாதிரிகளும் பயிற்சிக்குப் போதும். ஆக்கிமிடீசின் மேலுதைப்பு விதியைப் பரீட்சைக்காக மனனம் செய்யும் தோட்டப் பாடசாலைப் பிள்ளைகள், இந்தச் சோதனையைத் தம் கையால் ஒருமுறை செய்துபார்க்க வேண்டும். நாளை யாராவது கல்லைக் காட்டிக் கதை சொன்னால், முதல் கேள்வியை அவர்களே கேட்பார்கள்.